சாப்பாடு, ஹார்மோன், மருத்துவக் கஞ்சா: பல் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் வலி என்று வருபவரிடம் “சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மாதவிடாய் நின்றுவிட்டதா, கஞ்சா எண்ணெய் ஏதாவது எடுக்கிறீர்களா?” என்று கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு முறைப்பு வரும். பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாய் கேட்பதற்குள் முகம் கேட்டுவிடும். நியாயமான சந்தேகம்தான். அதனால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

பல்லுக்கும் இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?

எச்சில். சம்பந்தம் முழுவதும் இல்லாவிட்டாலும் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. வாயில் ஒட்டியதைக் கழுவுவது அது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லின் கெட்டியான மேல் ஓடான எனாமலில் கரைந்த இடத்தை மறுபடி நிரப்புகின்றன. தூங்கும்போது மட்டும் கிட்டத்தட்ட நின்றுவிடும். ராத்திரி பல் தேய்க்காமல் படுப்பதை நாங்கள் அவ்வளவு கண்டிப்பதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் சாப்பிடுவது எச்சிலுக்கு எவ்வளவு வேலை வைக்கிறது என்பது ஒன்று. ஹார்மோன் மாறும்போது ஈறு எப்படி நடந்துகொள்கிறது, எச்சில் குறைகிறதா என்பது இரண்டாவது. கஞ்சா மருந்து நேரடியாக எச்சில் சுரப்பியையே மந்தமாக்கும் என்பது மூன்றாவது. மூன்றில் ஒன்று மட்டும் என்றால் வாய் சமாளித்துக்கொள்ளும். இரண்டு சேர்ந்தால் சொத்தை வேகமெடுக்கும்.

நான் இனிப்பு அதிகம் சாப்பிடுவதில்லை. பிறகு ஏன் சொத்தை வருகிறது?

அளவைப் பார்க்கிறீர்கள். பல் பார்ப்பது தடவையை.

பல்லின் மேல் படியும் படலத்தில் இருக்கும் கிருமிகள் சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அமிலம் உண்டாக்குகின்றன. 1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்பவர் இதை அளந்து காட்டினார். சர்க்கரைத் தண்ணீரால் வாய் கொப்பளித்ததும் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) சடாரென இறங்குகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கிறது. பிஎச் சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஒரு கோப்பை இனிப்புக் காபியை ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்தால் பல்லுக்கு ஒரு அடி. அதே கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டு, வேலை பார்த்தபடி காலை முழுவதும் ஒவ்வொரு வாயாக உறிஞ்சினால், எச்சில் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த அடி விழுகிறது. சர்க்கரை அதே இரண்டு கரண்டிதான்.

ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற இடத்தில் 1940களின் நடுவில் தொடங்கிய ஆய்வு ஒன்று இதை உறுதிப்படுத்தியது. உணவோடு சாப்பிட்ட சர்க்கரையைவிட, இடையிடையே சாப்பிட்ட ஒட்டும் மிட்டாய்தான் பல்லை அதிகம் கெடுத்தது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்கள் சம்மதமே இல்லாமல் மிட்டாய் கொடுத்துச் செய்த ஆய்வு அது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அந்த அறிவை நாம் பயன்படுத்துகிறோம். அது எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அப்படியென்றால் அளவு முக்கியமே இல்லையா?

முக்கியம்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது: சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். பழச்சாறும் இந்தக் கணக்கில் உண்டு என்பதைக் கேட்டுப் பலர் அதிர்ச்சியடைகிறார்கள்.

புளிப்பாக ஏதாவது சாப்பிட்டதும் பல் தேய்க்கலாமா?

வேண்டாம். அமிலத்தில் எனாமலின் மேற்பரப்பு சற்று இளகியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். வாந்தி எடுத்த பிறகும் இதே விதிதான்.

எந்த வைட்டமின் சாப்பிட்டால் ஈறு கெட்டியாகும்?

குறை இருந்தால்தான் வைட்டமின் வேலை செய்யும். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் உண்மை அதுதான்.

வைட்டமின் சி இல்லாமல், ஈறைக் கட்டி நிறுத்தும் புரதமான கொலாஜனை உடலால் நன்றாகச் செய்ய முடியாது. ஈறு வீங்கும், ரத்தம் கசியும், பல் ஆடும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், இந்தக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஆனால் இன்று ஈறில் ரத்தம் வரும் பெரும்பாலானவர்களுக்கு ஸ்கர்வி இல்லை. இருப்பது பற்காரை. அதைச் சுரண்டி எடுக்காமல் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் ரத்தம் நிற்காது.

வைட்டமின் டி குறைந்தால் கால்சியம் குடலில் சரியாக ஏறாது, தாடை எலும்பும் எலும்புதானே. அப்புறம், நாக்கு பட்டுத்துணி மாதிரி வழவழப்பாகி எரிகிறது, உதட்டோரம் வெடிக்கிறது என்று வந்தால் நான் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவேன். இரும்பு, பி12, ஃபோலேட் இவற்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஒரு குழந்தை பெற்றால் ஒரு பல் போகும் என்கிறார்களே?

போகாது. வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கால்சியம் தேவைப்பட்டால் அது தாயின் உணவிலிருந்தும் எலும்பிலிருந்தும் போகும். வளர்ந்து முடிந்த பல்லிலிருந்து உடல் கால்சியத்தை உருவி எடுப்பதில்லை.

ஆனால் அந்தப் பேச்சு சும்மா வந்ததும் இல்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டரோனும் ஏறும்போது ஈறின் ரத்தக் குழாய்கள் விரிந்து, கொஞ்சம் படலம் இருந்தாலே பெரிதாக வீங்குகின்றன. இரண்டாம் மாதம் போலத் தொடங்கி எட்டாம் மாதம்வரை ஏறிக்கொண்டே போகலாம். கூடவே காலை வாந்தியின் அமிலம், அடிக்கடி கொறிப்பது, பிரஷ் உள்ளே போனதும் குமட்டுகிறது என்று தேய்ப்பதை விடுவது. இத்தனையும் சேர்ந்து பல் போனால் பழி குழந்தைமேல் விழுகிறது.

சிலருக்கு இரண்டு பல்லுக்கு நடுவே செக்கச்செவேலென்று ஒரு கட்டி முளைக்கும். தொட்டாலே ரத்தம் வரும். தலையணையில் ரத்தக்கறையைப் பார்த்துவிட்டுப் புற்றுநோயோ என்று நடுங்கிக்கொண்டு வந்த ஒருவரை நினைவிருக்கிறது. அது புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானே சுருங்கிவிடும்.

கர்ப்பமாக இருக்கும்போது பல் சிகிச்சை செய்யலாமா?

செய்யலாம். நடு மூன்று மாதங்கள் உட்கார வசதியான காலம். அவசரம் என்றால் எந்த மாதமும் சரி. மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஊசி போடலாம். தேவைப்பட்டால் பாதுகாப்புடன் எக்ஸ்ரேயும் எடுக்கலாம். சீழ் பிடித்த பல்லை ஒன்பது மாதம் வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. கடைசி மாதங்களில் நாற்காலியை முழுவதும் சாய்த்தால் கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரும். வலது இடுப்புக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைத்து உடம்பை இடப்பக்கம் லேசாகச் சரித்தால் போதும், சரியாகிவிடும்.

மருந்தில்தான் கவனம் வேண்டும். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் குழந்தையின் பல்லில் கறையாகத் தங்கிவிடும். இபுபுரூஃபன் வகை மாத்திரைகளை, முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு, தவிர்க்க வேண்டும். வாந்திக்கு நல்லது என்று யாராவது கஞ்சா எண்ணெயைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் கஞ்சா எந்த வடிவத்திலும் வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் தொடர்பு உண்டா?

இன்சுலினும் ஹார்மோன்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹார்மோன் என்றதும் பெண்கள் விஷயம் என்று தள்ளிவிடும் ஆண்களுக்கு இதைச் சொல்லுவேன்.

இது இருபக்கமும் ஓடும் பாதை. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஈறில் தொற்று ஆழமாகிறது, எலும்பு வேகமாகக் கரைகிறது, எச்சில் குறைகிறது, வாயில் வெள்ளைப் பூஞ்சை படர்கிறது. மறுபக்கம், ஈறின் அடியில் ஓயாமல் எரியும் அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவு சுமார் 0.4 குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் மதிப்பாய்வு 2022இல் சொன்னது. 8.0 இருந்தது 7.6 ஆவது மாதிரி. பல்லின் அடியில் சுத்தம் செய்ததற்குக் கிடைக்கும் இந்தக் கூலி சின்னது இல்லை.

மாதவிடாய் நின்ற பிறகு வாய் எரிகிறது. பல்லில் ஒன்றுமில்லை என்கிறார்களே?

ஒன்றுமில்லாமல் இருக்கலாம், ஆனால் எரிவது நிஜம். ஈஸ்ட்ரோஜன் குறையும் காலத்தில் வாய் வறட்சியும், காரணம் தெரியாத நாக்கு எரிச்சலும் நிறையப் பேருக்கு வருகின்றன. முதலில் சத்துக்குறைவு, சர்க்கரை, பூஞ்சை, சாப்பிடும் மாத்திரைகள் இவற்றைச் சரிபார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால்தான் ‘எரியும் வாய்’ நோய் என்று பெயர் வைக்க வேண்டும். மனப்பிரமை என்று சொல்லி அனுப்புவது சோம்பேறித்தனம்.

இந்த வயதில் இன்னொரு முக்கியமான விஷயம் எலும்புத் தேய்மான மருந்து. பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்துகொண்டிருப்பது 2003இலிருந்து பதிவாகி வருகிறது. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அபூர்வம். புற்றுநோய்க்காக ரத்தக்குழாய் வழியாக அதிக அளவில் ஏற்றிக்கொள்பவர்களுக்கு அபாயம் பல மடங்கு. ஆகவே மருந்து தொடங்குவதற்கு முன்பே பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி முடித்துவிடுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறியும் அளவுக்கு எதிர்விளைவு வரலாம்.

தைராய்டு?

குறைந்திருந்தால் குழந்தைகளுக்குப் பல் முளைக்கத் தாமதமாகும், நாக்கு பெருக்கும். அதிகமாக இருந்து கட்டுக்குள் இல்லையென்றால் அட்ரினலின் கலந்த மரப்பூசியில் (மரத்துப்போக வைக்கும் ஊசி) எச்சரிக்கை வேண்டும். கட்டுக்குள் இருந்தால் வழக்கம்போல வரலாம்.

ஹார்மோனைச் சமநிலைப்படுத்தும் பொடி, சாறு விற்கிறார்களே, ஈறுக்கு உதவுமா?

எந்த ஹார்மோன், எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மருத்துவக் கஞ்சா என்றால் புகைப்பதா?

இல்லை. கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டு என்ற வகை வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. இரண்டுதான் அதிகம் பேசப்படுகின்றன. போதை தருவது டிஎச்சி. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். சிபிடி போதை தராது. நம் உடம்பே இதுபோன்ற பொருளைச் சுரக்கிறது என்று 1992இல் மெக்கூலம் குழு கண்டுபிடித்து, ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தது. நமக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதே இல்லை.

மருந்தாக ஒப்புதல் பெற்றவை கொஞ்சம்தான். கடும் வலிப்பு நோய் சிலவற்றுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி திரவத்தை அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. தசை இறுக்கத்துக்கு சாடிவெக்ஸ் என்ற வாய் ஸ்பிரே பல நாடுகளில் உண்டு. கீமோதெரபி வாந்திக்கு ட்ரோனபினால். பல் நோய்க்கு என்று எதற்கும் ஒப்புதல் இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனாலும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஓரிடத்தில் மருந்துச் சீட்டு, இன்னோரிடத்தில் சிறை.

பல் வலிக்கு அது கேட்குமா?

திடீர்ப் பல் வலிக்கு நன்றாக நிரூபிக்கப்பட்டது இபுபுரூஃபன் 400 மி.கி.யும் பாரசிட்டமால் 500 மி.கி.யும் சேர்ந்த ஜோடி. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, கர்ப்பம் இவை இருப்பவர்கள் கேட்காமல் போட வேண்டாம். மற்றவர்களுக்கு, ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்தைவிட இதுவே மேல்.

கன்னாபினாய்டு பக்கம் கதை ஏற்ற இறக்கமானது. ஞானப்பல் பிடுங்கியவர்களுக்குக் உடம்பில் கன்னாபினாய்டு வந்து ஒட்டும் இடமான ஏற்பியைத் தூண்டும் ஒரு செயற்கை மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. அது இபுபுரூஃபனை நெருங்கக்கூட இல்லை. 2024இல் வெளியான சிறிய ஆய்வில், கடும் பல் வலியோடு வந்த 61 பேரில் சிபிடி திரவம் குடித்தவர்களுக்குப் மருந்தே இல்லாத போலித் திரவம் குடித்தவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. அளவைக் கவனியுங்கள்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 அல்லது 20 மி.கி. 60 கிலோ இருப்பவருக்கு 600 மி.கி.க்குக் குறையாது. சின்ன சிபிடி சீசாவிலிருந்து நாக்கில் விடும் நான்கு சொட்டு அந்தப் பக்கமே வராது.

எந்த வலி மருந்தும் சீழை வடிக்காது என்பதும் உண்டு. வலி போய்விட்டது என்று பல்லை அப்படியே விட்டால், அடுத்த முறை கன்னத்தோடு வீங்கி வருவீர்கள்.

கஞ்சா பல்லையும் ஈறையும் கெடுக்குமா?

நியூசிலாந்தில் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். 32 வயதில் பார்த்தபோது, கஞ்சா அதிகம் புகைத்தவர்களிடம் ஈறு நோய் கூடுதலாக இருந்தது. சிகரெட்டின் பங்கைக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. 38 வயதில் நுரையீரல், ரத்த அழுத்தம், கொழுப்பு என்று பலவற்றை அளந்தார்கள். கஞ்சாவோடு தெளிவாகச் சேர்ந்து மோசமாகத் தெரிந்தது ஈறு மட்டும்தான். எனக்கே அது ஆச்சரியம்.

புகைக்காதவர்களும் தப்பவில்லை. எச்சில் சுரப்பியிலேயே கன்னாபினாய்டு ஏற்பிகள் இருப்பதால் எண்ணெயாக எடுத்தாலும் டிஎச்சி வாயை வறட்டும். வாய் ஸ்பிரே அடிக்கடி ஒரே இடத்தில் பட்டால் அந்த இடம் வெந்து வெளுக்கும். இடத்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். கஞ்சா கலந்து ஜவ்வு மாதிரி ஒட்டும் ‘கம்மி’ மிட்டாய் வடிவம்தான் எனக்குப் பிடிக்காதது. படுக்கும் முன் ஒட்டும் சர்க்கரை, கூடவே எச்சிலை நிறுத்தும் மருந்து, அதன்மேல் டிஎச்சி கிளப்பும் பசி. சொத்தை வரவைக்க வேண்டும் என்று யோசித்தால்கூட இதைவிட நல்ல திட்டம் கிடைக்காது. அவசியம் எடுக்க வேண்டியவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் சர்க்கரை இல்லாத திரவத்துக்கு மாறலாம்.

வாய் வறட்சி எனக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு சின்னக் கோப்பையும் கடிகாரமும் போதும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, தலையைக் குனிந்து உட்கார்ந்து, மெல்லாமல் விழுங்காமல், எச்சிலைக் கோப்பையில் தானாக வடியவிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் ஒன்றரை மி.லி.க்குக் குறைவு என்றால் சுரப்பு உண்மையிலேயே குறைவு. பார்க்க அழகான காட்சி இல்லை, ஆனால் எங்கள் பரிசோதனையும் இதேதான்.

குறைவு என்று தெரிந்தால் சர்க்கரை இல்லாத சூயிங்கம், பக்கத்தில் எப்போதும் தண்ணீர், ராத்திரி படுக்கும் முன் ஃபுளோரைடு பற்பசை. தேய்த்தபின் துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள். வழக்கமான பசையில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்கும். வறட்சி கடுமை என்றால் 5000 பிபிஎம் பசையை எழுதித் தருவோம். தொண்டை காய்கிறது என்று நாள் முழுவதும் இனிப்பு மிட்டாயைச் சப்பிய ஒருவருக்கு, ஈறை ஒட்டி வரிசையாகப் பதினோரு பல்லில் சொத்தை அடைத்திருக்கிறேன்.

கஞ்சா எடுப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டுமா? போலீசுக்குச் சொல்லிவிட மாட்டீர்களே?

நாங்கள் கேட்பது ஊசி போடுவதற்காக. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2022இல் கேட்டபோது, நோயாளிகள் கஞ்சா அல்லது வேறு போதையோடு வந்திருக்கிறார்கள் என்று 52 சதவீத மருத்துவர்கள் சொன்னார்கள். ஆக, நீங்கள் முதல் ஆள் இல்லை.

டிஎச்சி இதயத் துடிப்பைக் கூட்டும்; மரப்பூசியில் உள்ள அட்ரினலினும் கூட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் படபடப்பும் பயமும் ஏறும். கஞ்சா வழக்கமாக எடுப்பவர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். புகைத்தபின் குறைந்தது இரண்டு மணி நேரமாவது அவசரமில்லாத அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்கிறது 2023இல் வந்த அமெரிக்க மயக்கவியல் வழிகாட்டுதல். சிபிடியும் சாது இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மருந்தைக் கல்லீரல் உடைப்பதை அது தடுப்பதால் ரத்தம் உறையத் தாமதமாகும். பல் பிடுங்கிய ராத்திரி அது தெரியவந்தால் யாருக்கும் தூக்கம் இருக்காது.

முதல் முறை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள்; “ஒரு வெள்ளை மாத்திரை” என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது. கடைசி எச்பிஏ1சி அறிக்கை. எலும்பு ஊசி போடுபவர் என்றால் கடைசியாகப் போட்ட தேதி. கஞ்சா எண்ணெய் எடுப்பவர் என்றால் சீசாவின் லேபிளை போட்டோ எடுத்து வாருங்கள், ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. டிஎச்சி, எத்தனை சிபிடி என்பதுதான் எனக்கு வேண்டும். அப்புறம், மயக்க மருந்துக்காக வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் தவிர, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பசியோடு வந்து ஊசியைப் பார்த்ததும் சரிந்தவர்களைத் தாங்கிப் பிடித்தே என் உதவியாளருக்கு இடுப்பு வலி.